ஸ்பெஷலிஸ்ட்டிடம் எப்போது அனுப்ப வேண்டும்

லண்டன் மோர்டனில் ஒரு டாக்டருக்குப் பாராட்டு விழா எடுக்கிறார்கள் என்றால் அவர் ரிட்டயர் ஆகிறார் என்று அர்த்தம், அல்லது இன்னும் ஆகவில்லையே என்று ஊருக்கு அலுத்துவிட்டது என்று அர்த்தம். என் விஷயத்தில் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் உண்டு. ஆனந்தராஜா, நீங்கள் இங்குள்ள தமிழ்ச் சங்கத்தின் செயலாளர். போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து, என் மனைவி கிரிஜா போட்ட காப்பியை மரியாதைக்காகக் குடித்துவிட்டு, விழா மலருக்கு ஒரு கட்டுரை கேட்டீர்கள்.

"பெரிசா ஒண்டும் வேண்டாம் டொக்டர். சனத்துக்குப் பிரயோசனமா இருந்தாச் சரி. குடும்ப டொக்டர் ஒரு ஆளை எப்ப ஸ்பெஷலிஸ்ட்டிட்ட அனுப்பவேணும், எப்ப தானே வைச்சுப் பாக்கலாம், அப்பிடி ஒண்டு எழுதித் தாங்கோவன்."

நல்ல தலைப்புதான். இந்த நாட்டில் குடும்ப டாக்டர் கடிதம் கொடுக்காமல் யாரும் பெரிய டாக்டரின் முகத்தைப் பார்க்க முடியாது. வாசலில் நான் உட்கார்ந்திருக்கிறேன். கதவை எப்போது திறப்பேன் என்று உள்ளே போக வேண்டியவர்கள் தெரிந்துகொள்ள நினைப்பது நியாயம்.

விதி சுலபமானது. தனக்குத் தெரியாத நோய் வந்தால் அனுப்ப வேண்டும். தெரிந்த நோய்தான், ஆனால் அதற்கான கருவி தன்னிடம் இல்லை என்றால் இன்னும் சீக்கிரமாக அனுப்ப வேண்டும். காரணமில்லாமல் உடம்பு இளைத்தால், மலத்தில் ரத்தம் போனால், குரல் கம்மிப்போய்த் தெளியாமலே இருந்தால், விழுங்கிய சோறு நெஞ்சில் நின்றால் யோசனையே கூடாது. அன்றைக்கே கடிதம் எழுதித் தபாலில் போட வேண்டும். இது எந்தக் கத்துக்குட்டி டாக்டருக்கும் தெரியும். எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே தெரியும்.

கட்டுரையை இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் எழுத உட்கார்ந்த பிறகு அரைகுறையாக எழுதுவது என் சுபாவம் இல்லை.

எண்பத்து மூன்றுக்குப் பிறகு உங்கள் ஆட்கள் மோர்டனுக்கு வரத் தொடங்கினார்கள். அதற்கு முன் என்னிடம் வந்தவர்களெல்லாம் ஓய்வு பெற்ற வெள்ளைக்காரக் கிழவர்கள். அவர்கள் வானிலையைப் பற்றிப் பேசிவிட்டு, கொடுத்த மாத்திரையை வாங்கிக்கொண்டு போவார்கள். உங்கள் ஆட்கள் வேறு. யாழ்ப்பாணத்தில் வயிற்று வலி என்றால் நேராக வயிற்று ஸ்பெஷலிஸ்ட்டிடம் போய் நம்பர் எடுத்துக் காத்திருந்து பழகியவர்கள். இங்கே வந்ததும் நடுவில் என்னைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, கடிதத்துக்கு அவர்கள் வைத்திருந்த வார்த்தையைச் சொன்னார்கள்.

"டொக்டர், ஒரு துண்டு தாங்கோ."

உட்காருவதற்கு முன்னாலேயே சொல்வார்கள். என்ன செய்கிறது என்று சொல்ல மாட்டார்கள். எந்த ஸ்பெஷலிஸ்ட், எந்த ஆஸ்பத்திரி என்பது வரை முடிவு செய்துகொண்டு வந்திருப்பார்கள். கிழித்துக் கொடுக்க நான் என்ன பஸ் கண்டக்டரா? சென்னையில் படித்து, இங்கிலாந்தில் இரண்டு பெரிய பரீட்சைகள் பாஸ் செய்தவன்.

ஆகவே எனக்கென்று ஒரு வழக்கம் உண்டாயிற்று. கேட்டவர்களுக்குக் கொடுப்பதில்லை. கேட்காதவர்களுக்குக் கொடுப்பேன். பெட்ரோல் ஸ்டேஷனில் இரவு ஷிப்ட் பார்த்த குலசேகரம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. காய்ச்சலுக்குத்தான் வந்தார். கழுத்தில் ஒரு கட்டியைத் தடவிப் பார்த்த கையோடு கடிதம் எழுதினேன். இன்றும் நன்றாக இருக்கிறார். விழாவுக்கு அவர்தான் ஹால் பிடித்திருக்கிறார் என்று கேள்வி. தவமலர் என்று ஒரு பெண் முழங்காலுக்குத் துண்டு கேட்டுக்கேட்டு என் உயிரை எடுத்தாள். கொடுக்கவே இல்லை. முழங்காலும் தானாகச் சரியாகிவிட்டது. ஆக, என் வழக்கத்தில் குறை சொல்ல எனக்கு எதுவும் தென்படவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் குடும்ப டாக்டராவதற்காகக் கப்பல் ஏறியவன் அல்ல. இங்கிலாந்தின் வடக்கே ஒரு ஊரில் ஆஸ்பத்திரி டாக்டராக இருந்தேன். வயிறும் உணவுக்குழாயும்தான் என் துறை. வளைந்து போகும் எண்டோஸ்கோப் குழாய் அப்போதுதான் புதிதாக வந்திருந்தது. அதை நோயாளியின் தொண்டையில் நோகாமல் இறக்குவதில் அந்த வட்டாரத்திலேயே நான்தான் கெட்டிக்காரன். எனக்குக் கீழே பெல்லிங் என்று ஒரு பையன் இருந்தான். கை நடுங்கும். அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, இப்படித் திருப்பு, இங்கே நில், இப்போது காற்றை விடு என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன். பிறகு பெரிய டாக்டர் பதவி ஒன்று காலியானது. இருவரும் மனுப் போட்டோம். அவனுக்குக் கிடைத்தது. தேர்வுக் குழுவின் தலைவர் என் தோளில் தட்டி, குடும்ப டாக்டர் வேலையில் நான் இன்னும் சந்தோஷமாக இருப்பேன் என்றார். என் சந்தோஷத்தில் அவருக்கு இருந்த அக்கறையை நான் மறக்கவில்லை.

மோர்டனில் வீட்டின் கீழ்த்தளத்தைச் சர்ஜரி ஆக்கினேன். இங்கே டாக்டரின் அறைக்கு அதுதான் பெயர், யாரையும் அறுப்பதில்லை. கிரிஜா வாசலில் உட்கார்ந்து பெயர் பதிந்தாள். சில வருடம் கழித்து எங்கள் பகுதி ஆஸ்பத்திரிக்கு வயிற்றுப் பிரிவின் பெரிய டாக்டராகப் பெல்லிங் வந்து சேர்ந்தான். லண்டன் அவ்வளவு பெரிய ஊர், அவனுக்கு வேறு இடம் கிடைக்கவில்லை. ஒரு அல்சர் கேஸை அவனிடம் அனுப்பினேன். பதில் கடிதத்தில், இந்த இனிய மனிதரை அனுப்பியதற்கு நன்றி என்று ஆரம்பித்து, அவரிடம் நான் என்னென்ன கேட்டிருக்க வேண்டும் என்று எனக்கே வகுப்பு எடுத்திருந்தான். அதற்குப் பிறகு வயிற்றுக்காரர்களை ஆற்றுக்கு அக்கரையில் வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். தூரம்தான். யாரும் முணுமுணுக்கவில்லை.

லூர்தம்மா வந்தது எண்பத்தெட்டாம் வருடம், மரங்கள் இலை உதிர்க்கும் காலம். உங்களுக்குத் தெரிந்தவள்தான். சேர்ச்சில் பாடுவாள். ஐம்பதை எட்டாத வயது. புருஷன் செபமாலைமுத்து சூப்பர் மார்க்கெட்டில் சாமான் அடுக்கும் வேலை. அவளுக்கு இங்கிலீஷ் வராது. கிறிஸ்துமஸுக்கு எல்லோர் வீட்டுக்கும் மட்டன் ரோல் கொடுத்தனுப்புவாள். நான் ஐயங்கார் என்று தெரிந்த பிறகு எனக்காக வேறு எண்ணெயில், வேறு சட்டியில் மரக்கறி ரோல் தனியாகப் பொரிப்பாள்.

"புட்டு இறங்குதில்லை டொக்டர். இந்தா, இந்த இடத்தில நிண்டுபோய் நிக்குது. சொதி விட்டுக் குழைச்சாத்தான் போகுது."

விரலை நெஞ்செலும்பின் நடுவில் வைத்துக் காட்டினாள். அந்த விரலைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. சந்தேகம் என்று சொல்ல மாட்டேன். தெரிந்துவிட்டது. வடக்கே ஒரு சுரங்கத் தொழிலாளியின் மனைவி இதே இடத்தில்தான் விரலை வைத்தாள். ரொட்டி மட்டும் நிற்கிறது, மற்றதெல்லாம் இறங்குகிறது என்றாள். மறுநாளே குழாயை இறக்கிப் பார்த்தேன். பட்டாணி அளவு கட்டி. அறுத்து எடுத்தார்கள். நான் அந்த ஊரைவிட்டு வந்த பிறகும் அவள் வார்டுக்கு வருடா வருடம் வாழ்த்து அட்டை அனுப்பினாளாம். ரொட்டி நிற்கும் கட்டத்தில் பிடித்தால் சிலர் பிழைப்பார்கள். தண்ணீர் நிற்கும் கட்டத்தில் யாரும் பிழைப்பதில்லை. இது எனக்குத் தெரியும் என்பதை அழுத்தமாகக் குறித்துக்கொள்ளுங்கள். தெரியாமல் செய்தேன் என்று பிற்பாடு யாராவது எனக்காக வாதாடினால் அது என் படிப்புக்கு அவமானம்.

பேனாவை எடுத்தேன். உண்மையாகவே எடுத்தேன். அப்போது செபமாலைமுத்து சொன்னார்.

"டொக்டர், குறை நினைக்காதேங்கோ. பெல்லிங் எண்டு ஒரு ஸ்பெஷலிஸ்ட் இருக்கிறாராம். சேர்ச்சில ஆக்கள் சொல்லினம், குழாய் விட்டுப் பாக்கிறதில அவரை மாதிரி கைராசிக்காரர் இல்லையாம். அவருக்கு ஒரு துண்டு தந்தியள் எண்டால்."

பேனாவை மூடி வைத்தேன். இது அமிலத்தின் வேலை, மாத்திரை போதும் என்றேன். அவர்கள் நம்பினார்கள். நம்பாமல் என்ன செய்வார்கள், நான் டாக்டர்.

அக்கரை ஆஸ்பத்திரிக்கு எழுதியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். எழுதியிருக்கலாம். கேட்டவர்களுக்குக் கொடுப்பதில்லை என்ற வழக்கத்தை ஒருவருக்காக மாற்றினால் பிறகு அது வழக்கம் இல்லை என்று அன்றைக்கு எனக்குப் பட்டது.

கிறிஸ்துமஸுக்குள் புட்டைக் கைவிட்டுவிட்டாள். இடியப்பம் சொதியில் ஊறினால் இறங்கியது. மாத்திரையை மாற்றிக் கொடுத்தேன். அந்த வருடமும் மரக்கறி ரோல் வந்தது. தான் ருசி பார்க்காமல் பொரித்ததால் உப்பு கூடக்குறைய இருக்கும், மன்னிக்க வேண்டும் என்று கிரிஜாவிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். உப்பு சரியாகத்தான் இருந்தது.

தை மாதத்தில் ஒருநாள் தனியாக வந்தாள். கோட்டு அவள் தோளில் ஹேங்கரில் தொங்குவதுபோல் தொங்கியது.

"டொக்டர், இவர் அண்டைக்குத் துண்டு கேட்டது உங்களுக்கு மனம் நொந்துபோச்சுதெண்டு எனக்கு விளங்கினது. நாங்கள் அப்பிடிக் கேட்டிருக்கக்கூடாது. இனி ஒருக்காலும் கேக்கமாட்டன். உங்களுக்கு எது சரியெண்டு படுதோ அதைச் செய்யுங்கோ. வேற டொக்டரிட்ட மாறச் சொல்லிச் சனம் சொல்லுது. நான் மாறமாட்டன். நீங்கள் எங்கட ஆள்."

ஆனந்தராஜா, அன்றைக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி முடியாது. இத்தனை வருடத்தில் என்னை வாசல்காரனாகப் பார்க்காமல் டாக்டராகப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "லூர்தம்மா, இன்னிக்கே நான் எழுதிடறேன், நீங்க கவலைப்படாதீங்கோ" என்று சொன்னேன். பெல்லிங்குக்கே எழுதுவதாகச் சொன்னேன். அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

சாயங்காலம் எழுத உட்கார்ந்தேன். என் கடிதங்களை நானே கையால் எழுதி நானே தபால் பெட்டியில் போடுவேன், கிரிஜாவுக்கு அதில் வேலை இல்லை. அன்புள்ள பெல்லிங் என்று எழுதினேன். இந்தப் பெண்மணியைப் பார்த்தால் நன்றியுடையவனாக இருப்பேன் என்று அடுத்து எழுத வேண்டும். இங்கே அப்படித்தான் எழுதுவார்கள், அதில் ஒரு அர்த்தமும் கிடையாது. அந்த நன்றி என்ற சொல்லுக்கு முன்னால் கை நின்றுவிட்டது. சரி, நாளைக்கு எழுதலாம் என்று காகிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

இரவு சாப்பிடும்போது கிரிஜா கேட்டாள். "அந்த லூர்தம்மாவை அனுப்பிட்டேளா? பாக்கவே பாவமா இருக்கு."

"ஆமா, அனுப்பியாச்சு" என்றேன்.

நாளைக்கு எழுதப்போவதைத்தானே இன்றைக்கே சொல்கிறேன், இதில் பெரிய பொய் இல்லை என்று நினைத்தேன். மறுநாள் காலை லூர்தம்மா போன் செய்தபோது கிரிஜாவே நல்ல செய்தியைச் சொல்லிவிட்டாள். கடிதம் போய்விட்டது, ஆஸ்பத்திரியில் தேதி கொடுக்க மாதக்கணக்கில் இழுப்பார்கள், பொறுமையாக இருங்கோ என்றாள். இந்த நாட்டில் ஆஸ்பத்திரித் தேதிக்குக் காத்திருப்பது மழைக்குக் குடை எடுப்பதைப் போல எல்லோருக்கும் பழகிய காரியம். யாரும் சந்தேகப்படுவதில்லை. வந்து சேராத தேதிக்காக அவர்கள் ஆஸ்பத்திரியைத் திட்டினார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து கொஞ்சம் திட்டினேன்.

நாளைக்கு, நாளைக்கு என்று போனதில் வேறொரு சிக்கல் வந்தது. இடியப்பம் நின்று கஞ்சிக்கு வந்துவிட்டாள். இப்போது எழுதினால், பெல்லிங் குழாயை இறக்கிப் பார்த்த மறுகணமே இது எத்தனை மாதம் வளர்ந்த கட்டி என்று தெரிந்துகொள்வான். தெரிந்துகொள்ளும்படி நான்தான் அவனுக்குக் கற்றுக் கொடுத்திருந்தேன். பிறகு எனக்கு இன்னொரு வகுப்பு எடுப்பான். அது மட்டும் முடியாது. கஞ்சியும் இறங்காமல் தேத்தண்ணிக்கு வந்தபோது, இனி எழுதி அவளுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை என்று ஆயிற்று. சொல்லப்போனால் அன்றைக்கு எனக்கு ஒரு நிம்மதி. முடிவு செய்ய வேண்டிய விஷயம் ஒன்று கைவிட்டுப் போயிருந்தது.

ஈஸ்டர் கழிந்து ஒரு காலையில் தண்ணீரும் இறங்கவில்லை. செபமாலைமுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். பெல்லிங்தான் பார்த்தான். அறுக்கும் கட்டம் தாண்டிவிட்டது என்று, கஞ்சி இறங்குவதற்கு மட்டும் ஒரு ரப்பர் குழாயை உள்ளே பொருத்தி வீட்டுக்கு அனுப்பினான். கைசுத்தமான வேலை. நானாக இருந்தாலும் அதைவிடச் சுத்தமாகச் செய்திருக்க முடியாது.

செபமாலைமுத்து நேராக என்னிடம் வந்தார். உட்காரவில்லை.

"டொக்டர், அவையளிட்ட உங்கட கடிதம் வரவேயில்லையாம். எனக்குத் தெரியும் என்ன நடந்ததெண்டு. இந்தியன் பேர் போட்ட கடிதம் எண்டு பாத்திட்டுக் குப்பையில எறிஞ்சிருக்கிறாங்கள். உங்களை அவங்கள் ஒரு டொக்டராவே மதிக்கேல்லை, என்ன?"

அவர் சொன்னதன் கடைசிப் பகுதி முழு உண்மை. அதனால் முதல் பகுதியை மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

"இருக்கலாம்" என்றேன்.

அவர் ஆஸ்பத்திரி மேல் புகார் கொடுத்தார். சங்கம் அவர் பின்னால் நின்றது, நீங்களும் கையெழுத்துப் போட்டீர்கள். விசாரித்தார்கள். கடிதங்களைப் பிரித்து அடுக்கும் இடத்தில் பியற்றிஸ் என்று ஒரு பெண் இருந்தாள். கடிதத்தைக் குப்பையில் எறிந்த வெள்ளைக்காரன் கடைசியில் ஜமெய்க்காவிலிருந்து வந்த பெண்ணாக முடிந்தான். அப்படி ஒரு கடிதம் தன் கைக்கு வரவே இல்லை என்று அவள் அழுதாளாம். தொலைத்தவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள்.

பிறகு பெல்லிங் எனக்குப் போன் செய்தான். தங்கள் பக்கம் பெரிய பிழை நடந்துவிட்டது, உங்கள் கடிதம் மட்டும் கைக்கு வந்திருந்தால் அன்றைக்கே பார்த்திருப்பேன், மன்னிக்க வேண்டும் என்றான். குரல் உடைந்திருந்தது. சார் என்று கூப்பிட்டான், மணிக்கட்டைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்த நாட்களில் கூப்பிட்ட மாதிரி. இத்தனை வருடம் நான் காத்திருந்த போன் அதுதான் என்று அப்போதுதான் தெரிந்தது. பரவாயில்லை பெல்லிங், எல்லோருக்கும் நடப்பதுதான் என்று பெருந்தன்மையாகச் சொல்லி வைத்தேன்.

லூர்தம்மாவை வீட்டில் நான் பார்த்துக்கொண்டேன். ஒருநாள் தவறாமல் போவேன், ஞாயிற்றுக்கிழமையிலும் போவேன். மார்ஃபினை அவளுக்கு நோகும் முன்பே கொடுத்துவிடுவேன். பெல்லிங்கின் ஆட்களை வீட்டுப் பக்கம் வரவிடவில்லை, தேவைப்படவும் இல்லை. கடைசி வாரத்தில் செபமாலைமுத்துவிடம், "டொக்டருக்குச் சாப்பிட ஏதும் குடுத்தியளோ?" என்று கேட்டாள். அதுதான் நான் கேட்க அவள் கடைசியாகப் பேசியது. ஆனியில் போய்விட்டாள்.

இதையெல்லாம் இப்போது எதற்கு எழுதுகிறேன் என்றால், விழாவில் செபமாலைமுத்து பேசப்போகிறார் என்று நீங்கள் சொன்னீர்கள். ஒரு நல்ல டாக்டரின் கடிதத்தை வெள்ளைக்காரர்கள் எப்படி மதிக்காமல் போட்டார்கள் என்று நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டுமாம். அவர் பேசும்போது நான் மேடையில் உட்கார்ந்திருக்க வேண்டும். அதுதான் யோசனையாக இருக்கிறது. கூட்டத்துக்கு முன்னால் ஒரு மனிதர் அழுவதைப் பார்த்துக்கொண்டு இருப்பது எளிதல்ல, அதுவும் நாற்காலி நடுவில் போட்டிருந்தால்.

எனவே தெளிவாக எழுதிவிடுகிறேன். எந்தக் கடிதமும் தொலையவில்லை. நான் எழுதவே இல்லை. முதல் நாளே நோய் எனக்குத் தெரியும். பிழைக்க வழி இருந்ததும் தெரியும். அந்த வழியில் பெல்லிங் நின்றுகொண்டிருந்தான், அதனால் அவளை அதில் விடவில்லை. பியற்றிஸ் சொன்னது உண்மை. இதைச் செபமாலைமுத்துவிடம் சொல்வதா வேண்டாமா என்பதை உங்களிடம் விடுகிறேன். மலரில் போடுவதானால் முதல் நான்கு பத்தி போதும், மற்றது பொதுஜனத்துக்குப் பிரயோசனப்படாது.

ஒன்று மட்டும் அவர் தெரிந்துகொண்டால் நல்லது. என்னிடம் எத்தனையோ பேர் வந்தார்கள், அத்தனை பேரையும் என்றைக்காவது யாரிடமாவது அனுப்பியிருக்கிறேன். லூர்தம்மா ஒருத்தியைத்தான் யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் கடைசிவரை நானே பார்த்துக்கொண்டேன்.